கண்ணு முதல்ல, புக் அப்புறம்: படிக்கிறவங்க ஓவியம் பாக்க ஆரம்பிக்கிறது எப்படி

எப்பவும் கையில ஒரு புக்கோடயே இருக்கிறவங்க என்னைக்காவது ஓவியம் பக்கம் திரும்பினா என்ன பண்ணுவோம், ஒரு தடிமனான ஆர்ட் ஹிஸ்டரி புக்க எடுத்து முதல் பக்கத்துல இருந்து படிக்க ஆரம்பிச்சிடுவோம். நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். அறுநூறு பக்கத்துக்கு மேல இருந்த புக்க முடிச்சப்ப யாருக்கு யாரு குரு, யாரு எந்த ராஜா கிட்ட வேலை பாத்தாங்க எல்லாம் தெரிஞ்சிருச்சு, ஆனா கண்ண மூடி ஏதாவது ஒரு படத்த முழுசா மனசுல கொண்டுவர முடியுதான்னு பாத்தா முடியல. படத்த சுத்தி இருந்த எழுத்த தான் படிச்சிருக்கேன், படத்த பாக்கல. அதுக்கப்புறம் ஒரே ஒரு பழக்கத்த மாத்திக்கிட்டேன்: முதல்ல கண்ணு, அப்புறம் புக், மறுபடி கண்ணு. கீழ சொல்றது எல்லாமே இந்த வரிசைய விடாம பிடிச்சுக்கிறதுக்கான வழி தான்.

முதல் வேலை: ஒரே படம், பத்து நிமிஷம்

ஆரம்பிக்க ஒரு படம் போதும். புதுசா வர்றவங்களுக்கு நான் சொல்றது 17-ம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீரோட ஒரு படம், திறந்த ஜன்னல் பக்கத்துல நின்னு லெட்டர் படிக்கிற பொண்ணு. 1657-59 வாக்குல வரைஞ்சது, ஜெர்மனில டிரெஸ்டன்ல இருக்கு. படிக்கிற ஒருத்தியோட படம்ங்கிறதால படிக்கிறவங்களுக்கு சட்டுனு ஒட்டிக்கும். இத பெரிய ஸ்கிரீன்ல திறங்க, போன்ல வேண்டாம். படத்துக்கு கீழ என்ன எழுதியிருக்குன்னு இப்ப படிக்காதீங்க. பக்கத்துல ஒரு நோட்டும் பென்சிலும் வச்சுக்கிட்டு பத்து நிமிஷத்துக்கு டைமர் போட்டுடுங்க.

முதல் ஒரு நிமிஷத்துல பொண்ணு, ஜன்னல், லெட்டர்னு எழுதிடுவீங்க. மூணாவது நிமிஷத்துல எல்லாம் பாத்தாச்சுன்னு தோணும், அப்ப தான் எந்திரிக்கவே கூடாது, ஏன்னா அதுக்கப்புறம் தான் படம் மெல்ல மெல்ல திறக்கும். ஜன்னல் கண்ணாடில அவ முகம் லேசா தெரியுறது அப்ப தான் கண்ணுல படும், நமக்கு அவ பக்கவாட்டு முகம் மட்டும் தெரியுது, கண்ணாடில தெரியுறது வேற கோணம், அதனால ஒரே ஆளோட ரெண்டு முகம் நம்ம கிட்ட இருக்கு. முன்னாடி மேஜை மேல விரிச்ச கம்பளம் சுருண்டு கிடக்கு, அதுக்கு மேல பழத்தட்டு சாஞ்சு பழம் எல்லாம் வெளிய உருண்டு வந்திருக்கு, ஒரு பீச் பழம் பாதியா வெட்டி கொட்டை தெரியுது. வலது பக்கம் மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு பச்சை திரை. அது அந்த ரூமுக்குள்ள தொங்குதா, இல்ல படத்துக்கு முன்னாடி யாரோ தொங்கவிட்ட மாதிரி வரைஞ்சிருக்காரான்னு ஒரு சந்தேகம் வரும். அந்த சந்தேகத்தையும் எழுதிக்கோங்க.

எழுதும்போது ஒரு விஷயம் மட்டும் கவனம், கண்ணு பாத்தத எழுதுங்க, மனசு சேத்துக்கிட்டத தனியா வைங்க. "சோகமா இருக்கா"ன்னு எழுதாதீங்க, "தலை குனிஞ்சிருக்கு, பார்வை பேப்பர விட்டு நகரல, ரெண்டு கையாலயும் லெட்டர பிடிச்சிருக்கா"ன்னு எழுதுங்க. கதை படிச்சு படிச்சு பழகின நமக்கு உடனே ஒரு கதைய கட்டிடணும்னு கை துறுதுறுங்கும். கதை கட்டலாம், தப்பில்ல, ஆனா பத்து நிமிஷம் முடிஞ்சப்புறம்.

இப்ப புக்க திறக்கலாம்

இந்த படத்த பத்தி படிக்கப் போனா ஒரு பெரிய விஷயம் காத்திருக்கு. ரொம்ப காலமா அந்த பொண்ணுக்கு பின்னாடி வெறும் சுவர் தான் இருந்துச்சு. 1979-ல எக்ஸ்ரே பாத்தப்ப அந்த சுவருக்கு அடியில மன்மதன் படம் ஒண்ணு இருக்கிறது தெரிஞ்சது, வெர்மீரே வரைஞ்சு அவரே வேண்டாம்னு அழிச்சிருப்பாருன்னு எல்லாரும் நினைச்சாங்க. 2017-ல படத்த சுத்தம் பண்ண ஆரம்பிச்சப்ப, மன்மதன் மேல அழுக்கு படிஞ்ச ஒரு அடுக்கு இருக்கு, அதுக்கு மேல தான் சுவர் பெயின்ட் இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க, அப்படின்னா படம் முடிஞ்சு பல வருஷம் கழிச்சு, வெர்மீர் செத்ததுக்கு அப்புறம், வேற யாரோ மூடியிருக்காங்க. 2019-ல இத அறிவிச்சாங்க, 2021-ல முழு மன்மதனோட படம் மறுபடி மக்கள் முன்னாடி வந்துச்சு. இப்ப பாத்தா அது வேற படம், பொண்ணு தலைக்கு பின்னாடியே காதல் கடவுள் முகமூடிய மிதிச்சுக்கிட்டு நிக்கிறான்.

படிக்கிறவங்களுக்கு இதுல ஒரு நேரடி பாடம் இருக்கு. 2019-க்கு முன்னாடி வந்த புக்குகள்ல அந்த வெறும் சுவரோட அமைதிய பத்தி அழகா எழுதியிருப்பாங்க, அது அவங்க தப்பு இல்ல, அவங்க பாத்த படம் அது. அதனால எந்த ஆர்ட் புக்க எடுத்தாலும் முதல்ல அச்சான வருஷத்த பாருங்க. எழுத்து அப்படியே நிக்கும், படம் மாறும், சில சமயம் வரைஞ்சவங்க பேரே மாறும். இதே வெர்மீர் படம் 1742-ல டிரெஸ்டனுக்கு வாங்கப்பட்டப்ப ரெம்ப்ராண்ட் வரைஞ்சதுன்னு தான் வந்துச்சு. ஜூடித் லேஸ்டர்னு 17-ம் நூற்றாண்டு டச்சு ஓவியர், அவங்க படங்கள ரொம்ப காலம் அதே காலத்து ஆண் ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸ் வரைஞ்சதுன்னு நினைச்சு வாங்கினாங்க, வித்தாங்க. 1893-ல ஒரு படத்துல அவங்க பேரோட முதல் எழுத்துகளும் ஒரு நட்சத்திரமும் கலந்த கையெழுத்து வெளிய வந்தப்ப தான் அப்படி ஒரு பொண்ணு இருந்தாங்கங்கிறதே திரும்ப தெரிஞ்சது.

அளவு, பொருள், வருஷம்

படத்துக்கு கீழ இருக்கிற சின்ன எழுத்துல நிறைய பேர் தாண்டிப் போறது அளவு. எனக்கு அது தான் ரொம்ப முக்கியம். புக்குல எல்லா படமும் உள்ளங்கை சைஸ் தான், ஸ்கிரீன்லயும் அப்படித்தான். டாலியோட உருகி வழியுற கடிகாரங்கள் படம், 1931-ல வரைஞ்சது, நிஜத்துல 24-க்கு 33 சென்டிமீட்டர் தான், ஒரு நோட்டு சைஸ். பிகாசோவோட குவெர்னிகா, 1937, கிட்டத்தட்ட மூணரை மீட்டர் உயரம், ஏழே முக்கால் மீட்டர் அகலம். ஒரு டேப் எடுத்து சுவர்ல குவெர்னிகாவோட அகலத்த அளந்து பாருங்க, பெரும்பாலான ரூம்ல சுவர் பத்தாது. அளந்துட்டு அதே படத்த புக்குல திறந்து, அந்த குதிரையோட வாய் உங்க தலைக்கு மேல இருக்கிற மாதிரி நினைச்சுப் பாத்தா அது வேற அனுபவம். மோனா லிசாவுக்கும் இத பண்ணுங்க, 77-க்கு 53 சென்டிமீட்டர், பேப்பர்ல கட் பண்ணி சுவர்ல ஒட்டினா எவ்வளவு கிட்ட போய் பாக்க வேண்டிய படம்னு புரியும்.

அடுத்து எதுல வரைஞ்சாங்கன்னு பாக்கணும். டெம்பெரான்னா முட்டை மஞ்சக்கருவுல குழைச்ச கலர், நிமிஷத்துல காஞ்சிடும், அதனால சின்ன சின்ன கோடா போட்டு தான் நிழல் கொண்டு வரணும். ஆயில் காய நாளாகும், அதனால மேல மேல மெல்லிசா அடுக்கலாம், வெல்வெட்டு, கண்ணாடி, தோல் எல்லாம் தொடுற மாதிரி வரும். ஃபிரெஸ்கோன்னா ஈர சுண்ணாம்பு பூச்சு மேல அது காயுறதுக்குள்ள வரையணும், ஒரு நாளைக்கு முடிக்கிற அளவுக்கு தான் பூசுவாங்க, நல்ல குளோஸப் போட்டோல அந்த ஒட்டுக்கோடு தெரியும், இன்னைக்கு இவ்வளவு, நாளைக்கு இவ்வளவுன்னு அவங்க வேலை நாளையே எண்ணலாம். 1508-ல இருந்து 1512 வரைக்கும் மைக்கலேஞ்சலோ சிஸ்டைன் சேப்பல் கூரைல வேலை பாத்தத இப்படித்தான் நாள் நாளா பிரிச்சுப் பாக்க முடியுது.

கலர்ல மட்டும் ஒரு மாசம் செலவு பண்ணலாம், நான் பண்ணியிருக்கேன். நீலத்த எடுத்துக்கோங்க. ஆப்கானிஸ்தான் படக்‌ஷான் மலைல தோண்டின லாப்பிஸ் லாசுலி கல்ல அரைச்சு எடுத்தது தான் அல்ட்ராமரின், ஐரோப்பாவுல தங்கத்துக்கு நிகரா விலை பேசின கலர், அதனால மாதா மேலாடைக்குன்னு எடுத்து வச்சாங்க. வெர்மீர் அத வெளிய தெரியாத அடி அடுக்குல கூட பூசியிருக்காரு. 18-ம் நூற்றாண்டு தொடக்கத்துல பெர்லின்ல பிரஷ்யன் புளூன்னு ஒரு செயற்கை நீலம் வந்துச்சு, அது கடல் தாண்டி ஜப்பான் போய் 1831 வாக்குல ஓவியர் ஹொகுசாயோட பெரிய அலை படத்துல அலையா எழுந்துச்சு. அப்புறம் 1841-ல ஜான் கோஃப் ராண்ட்னு ஒரு அமெரிக்க ஓவியர் பெயின்ட் டியூப கண்டுபிடிச்சாரு, அதுக்கு முன்னாடி பன்னியோட சிறுநீர்ப்பைல கட்டி வச்சு ஊசியால குத்தி எடுத்த பெயின்ட், இனிமே மூடி போட்டு பையில எடுத்துட்டுப் போகலாம்னு ஆனதும் வெட்டவெளில உக்காந்து வரையுறது சுலபமாச்சு. பிரெஞ்சு ஓவியர் மோனே மாதிரி ஆளுங்க வெயில வெயில்லயே உக்காந்து வரைஞ்சதுக்கு இந்த சின்ன டியூபும் ஒரு காரணம்.

படத்துக்குள்ள இருக்கிற புக்குகள்

நம்மள மாதிரி ஆளுங்களுக்கு உள்ள நுழைய நல்ல வாசல் இது தான், படத்துக்குள்ள புக் எங்க இருக்குன்னு தேடுறது. ஜெர்மன் ஓவியர் ஹோல்பைனோட தூதர்கள்ங்கிற படம், 1533, லண்டன் நேஷனல் கேலரி. ரெண்டு பேர் நடுவுல ஒரு ரெண்டடுக்கு ஸ்டாண்ட். கீழ் அடுக்குல ஒரு கணக்கு புக், பக்கம் மூடிடாம இருக்க நடுவுல ஒரு மூலமட்டம் செருகியிருக்கு. பக்கத்துல பிரார்த்தனைப் பாட்டு புக் விரிச்சு கிடக்கு, ஜெர்மன் எழுத்துகள படிக்கவே முடியும், அப்ப இருந்த சர்ச்ச எதிர்த்து கிளம்பின மார்ட்டின் லூதர் எழுதின பாட்டு. அதுக்கு பின்னாடி ஒரு லூட் வாத்தியம், அதுல ஒரு தந்தி அறுந்திருக்கு. சர்ச் ரெண்டா உடைஞ்சுக்கிட்டிருந்த நேரம் அதுன்னு தெரிஞ்சா அந்த அறுந்த தந்தி வேற மாதிரி கேக்கும். கீழ தரைல ஏதோ இழுத்துவிட்ட கறை மாதிரி ஒண்ணு இருக்கே, புக்க கண்ணு மட்டத்துக்கு தூக்கி, ஒரு கண்ண மூடிக்கிட்டு, பக்கத்தோட வலது ஓரத்துல இருந்து சாய்வா பாருங்க. மண்டையோடு. ஸ்கிரீன்ல பாக்குறத விட பேப்பர்ல தான் இது நல்லா வேலை செய்யும், புக் வச்சிருக்கிறவங்களுக்கு கிடைக்கிற தனி சந்தோஷம்.

ஆனா எல்லா பொருளுக்கும் ஒரு அர்த்தம் இருக்குன்னு தேடாதீங்க. பழம்னா பாவம், நாய்னா விசுவாசம்னு லிஸ்ட் போட்ட புக்குகள் உண்டு, ரெண்டு மாசத்துக்கு அதெல்லாம் தொடாதீங்க. சில நேரம் நாய் வெறும் நாய் தான், அந்த ரோமத்த எப்படி வரைஞ்சிருக்காங்கன்னு பாக்குறதே போதும்.

எந்த புக், எத்தனை புக்

மொத்தம் மூணு வகை போதும். ஒண்ணு, முழு கதையையும் சொல்ற ஒரு பொது புக். கோம்ப்ரிச்னு ஒரு ஆர்ட் ஹிஸ்டரி அறிஞர் 1950-ல எழுதின தி ஸ்டோரி ஆஃப் ஆர்ட் இன்னைக்கும் ஆரம்பிக்க நல்லா இருக்கும், எளிமையா எழுதியிருப்பாரு, ஒவ்வொரு ஓவியர் முன்னாடியும் என்ன பிரச்சனை இருந்துச்சு, எப்படி தீத்தாங்கன்னு சொல்லிக்கிட்டே போவாரு. ஆனா பெரும்பாலும் ஐரோப்பா தான், பெண் ஓவியர்கள் கிட்டத்தட்ட இல்லவே இல்ல, அது தெரிஞ்சே படிங்க. முதல்ல இருந்து கடைசி வரை ஒரே மூச்சுல வேண்டாம், ஒரு அத்தியாயம் படிக்கிறதுக்கு முன்னாடி அதுல இருக்கிற படங்கள மட்டும் புரட்டி, ஒண்ண தேர்ந்தெடுத்து பத்து நிமிஷம் பாத்துட்டு அப்புறம் படிங்க.

ரெண்டாவது, உங்களுக்கு பிடிச்ச ஒரே ஒரு ஓவியர பத்தி ஒரு புக், படங்கள் பெருசா இருக்கணும். இத வாங்கும்போது ரெண்டு விஷயம் செக் பண்ணுங்க. முக்கியமான படம் ரெண்டு பக்கத்துக்கு நடுவுல மடிப்புல மாட்டிக்கிட்டிருந்தா அந்த புக் வேண்டாம், முகம் எப்பவும் அந்த மடிப்புல தான் போய் விழும். அப்புறம் உங்களுக்கு நல்லா தெரிஞ்ச ஒரு படத்தோட கலர, மியூசியமே வெளியிட்ட படத்தோட ஒப்பிட்டுப் பாருங்க. ரொம்ப மஞ்சளா, ரொம்ப பளிச்சுனு இருந்தா வச்சுடுங்க. குளோஸப் பக்கங்கள் இருக்கிற புக்குக்கு நான் எப்பவும் கூட ரெண்டு மார்க் போடுவேன்.

மூணாவது, ஓவியரே எழுதினது, இல்ல அவங்க காலத்து ஆளு எழுதினது. வசாரின்னு ஒரு இத்தாலி ஓவியர் 1550-ல ஓவியர்கள் வாழ்க்கைய எழுதினாரு, 1568-ல பெருசாக்கி மறுபடி போட்டாரு. தகவல் நிறைய இடத்துல தப்பு, ஆனா கதை சொல்றவர். நாவல் படிக்கிறவங்களுக்கு அப்படியே இனிக்கும், வருஷத்துக்கும் உண்மைக்கும் மட்டும் அவர நம்பாதீங்க. ஆனா ஒண்ணே ஒண்ணு தான் படிக்க முடியும்னா வான்கா லெட்டர்கள படிங்க. அவர் எழுதினதுல எண்ணூறுக்கும் மேல இன்னைக்கு கிடைக்குது, முக்காவாசிக்கு மேல தம்பி தியோவுக்கு எழுதினது. எல்லாமே இங்கிலீஷ் மொழிபெயர்ப்போட, குறிப்புகளோட 2009-ல இருந்து இலவசமா நெட்ல இருக்கு. அவர் பயங்கரமா படிக்கிற ஆளு, டிக்கன்ஸ், பிரெஞ்சு நாவலாசிரியர் ஜோலான்னு லெட்டர் பூரா புக் பேச்சு தான்.

அவரோட ஒரு படத்த இங்க நெருங்கிப் பாக்கலாம். 1885 அக்டோபர்ல வரைஞ்சது, பைபிள் இருக்கிற ஸ்டில் லைஃப். பாதிரியாரா இருந்த அப்பா அந்த வருஷம் மார்ச்ல தான் செத்திருக்காரு. அப்பாவோட பெரிய பைபிள் விரிச்சு கிடக்கு, ஏசாயா 53. பக்கத்துல அணைஞ்ச மெழுகுவத்தி. அதுக்கு முன்னாடி மேஜை ஓரத்துல சின்னதா, மூலை எல்லாம் மடிஞ்சு, மஞ்ச அட்டை போட்ட ஒரு நாவல், ஜோலாவோட லா ஜ்வா த விவ்ர், அதாவது வாழ்வதன் சந்தோஷம். அந்த பைபிள்ல பக்கத் தலைப்பயும் அத்தியாய எண்ணையும் தவிர எழுத்து எதையும் படிக்க முடியாது, பட்டையான பிரஷ் இழுப்பு மட்டும் தான், நாவலோட பேர் படிக்க முடியும். அப்பாவும் மகனும் பேசி முடிக்காத பேச்சு முழுக்க அந்த மேஜைல கிடக்குன்னு எனக்கு தோணும். இத ஒரே நாள்ல வரைஞ்சேன்னு தம்பிக்கு எழுதியிருக்காரு. படத்த பாத்துட்டு அந்த லெட்டர படிச்சுட்டு மறுபடி படத்துக்கு வாங்க, அந்த மஞ்சள் அட்டைய விட்டு கண்ண எடுக்க முடியாது.

காசு செலவு பண்ணாமயும் நிறைய படிக்கலாம். நியூயார்க்ல இருக்கிற மெட்ரோபாலிடன் மியூசியமும் லாஸ் ஏஞ்சல்ஸ்ல இருக்கிற கெட்டி மியூசியமும் அவங்க பழைய கேட்டலாக்குகள நூத்துக்கணக்குல இலவசமா டவுன்லோட் பண்ண விட்டிருக்காங்க, ஒவ்வொண்ணும் அந்தந்த விஷயத்துல ஊறினவங்க எழுதினது. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம் ரெம்ப்ராண்டோட நைட் வாட்ச்ங்கிற படத்த 717 ஜிகாபிக்சல்ல 2022-ல வெளியிட்டாங்க, பெயின்ட் வெடிப்பு வரைக்கும் கிட்ட போகலாம், ஒரு கண்ணுக்குள்ள இருக்கிற வெள்ளைப் புள்ளி ஒரே ஒரு தொடுதல்னு தெரியும்.

இசம்கள பத்தி கவலை வேண்டாம்

இம்ப்ரெஷனிசம், ஃபோவிசம்னு பேர மனப்பாடம் பண்ண வேண்டியதில்ல. அதுல பாதி பேர் திட்டறதுக்கு வச்சது. 1874-ல மோனே படத்த பாத்துட்டு லூயி லெரோய்னு ஒரு பத்திரிகைக்காரர் கிண்டலா எழுதினது தான் இம்ப்ரெஷனிஸ்ட். 1905-ல மாத்தீஸ் கூட்டத்த இன்னொருத்தர் காட்டு மிருகங்கள்னு சொன்னது தான் ஃபோவ். வரைஞ்சவங்க காலைல எந்திரிச்சு ஒரு இசத்த வரையல, ஒரு மரத்தையோ தோளையோ வரைஞ்சாங்க. நூறு படம் பாத்தப்புறம் பேர் எல்லாம் தானா வந்து உக்காரும்.

மியூசியம் போனா

மூணு படத்துக்கு மேல பாக்கணும்னு நினைக்காதீங்க. முதல்ல அந்த ரூம ஒரு சுத்து சும்மா நடங்க, எது உங்கள இழுக்குதோ அங்க நில்லுங்க. லேபிள் கடைசில. கிட்ட, தூர, பக்கவாட்டுல, மூணு இடத்துல இருந்தும் பாருங்க, பக்கவாட்டுல லைட் படும்போது பெயின்ட் எவ்வளவு தடிப்புன்னு தெரியும், எந்த புக்குலயும் இது கிடைக்காது. போட்டோ எடுக்கிறதுக்கு முன்னாடி நோட்டுல எழுதிடுங்க, எடுத்துட்டா கண்ணு வேலைய நிறுத்திடும். பேனா வேண்டாம், பென்சில் கொண்டு போங்க, நிறைய இடத்துல அது தான் அனுமதி.

புக்கே ஓவியமா இருக்கிற இடத்தையும் விட்டுடாதீங்க. கி.பி. 800 வாக்குல கையால எழுதி வரைஞ்ச, இப்ப அயர்லாந்துல இருக்கிற கெல்ஸ் புக்குல (பைபிளோட நற்செய்தி நூல்கள்) ஒரு எழுத்து முழு பக்கத்தையும் எடுத்துக்கும், உள்ள பூனையும் எலியும் ஒளிஞ்சிருக்கும். ஹம்சாங்கிற வீரனோட சாகசக் கதைய சொல்ற, அக்பர் காலத்து ஹம்சாநாமால சுமார் 1400 படம், வரைய பதினஞ்சு வருஷம் கிட்ட ஆச்சு, படம் பெருசா துணில இருக்கும், கதை பின்பக்கம் எழுதியிருக்கும். இருநூறுக்கும் குறைவா தான் மிஞ்சியிருக்கு.

இந்த வாரம் பாக்க ஒரு படம்

ரோஜியர் வான் டெர் வெய்டன், 1438-க்கு முன்னாடி, பைபிள்ல வர்ற மக்தலேனா படிக்கிறா. லண்டன் நேஷனல் கேலரி. பச்சை உடுப்பு, மடியில புக், கை அழுக்கு படாம இருக்க வெள்ளை துணி சுத்தியிருக்கு. புக்க அவ்வளவு பத்திரமா பிடிக்கிற கைய வேற எங்கயும் நான் பாத்ததில்ல. பத்து நிமிஷம் இந்த கைய பாத்துட்டு, அவளுக்கு பின்னாடி பாருங்க, சிவப்பும் நீலமுமா உடை போட்ட ஒரு ஆளு, கையில ஜபமாலை, கைத்தடி, ஆனா தலை இல்ல. இது ஒரு பெரிய பலிபீட ஓவியத்துல இருந்து வெட்டி எடுத்த துண்டு, பின்னாடி பூரா பழுப்பு பெயின்ட் அடிச்சு மறைச்சிருந்தாங்க, 1950-கள்ல அத எடுத்தப்ப தான் அந்த உடம்பு வெளிய வந்துச்சு. தலை லிஸ்பன்ல குல்பென்கியன் மியூசியத்துல தனியா இருக்கு, சூசையப்பரோட தலை. ரெண்டு மியூசியம் சைட்டையும் ரெண்டு டேப்ல திறந்து, பக்கத்து பக்கத்துல வச்சு, சைஸ கொஞ்சம் சரி பண்ணிக்கிட்டு, அந்த தலைய உடம்பு மேல நீங்களே வச்சுப் பாருங்க.